பவர் மெஷினுக்கு வீட்டு மின்சாரம் போதுமா?

திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கோபிக்குப் பக்கத்தில் உள்ள சொந்த ஊரில் ஒரு சிங்கரும் (நேர்த்தையல் மெஷின்) ஒரு ஓவர்லாக்கும் (துணி ஓரம் அடிக்கும் மெஷின்) போட்டு வீட்டிலேயே கூலிக்கு ஜாப் ஒர்க் தைக்க நினைக்கிறீர்கள். கம்பெனியில் கழித்த பழைய மெஷின்கள் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. வீட்டில் இருப்பதோ சிங்கிள் பேஸ், அதாவது ஒருமுனை இணைப்பு. "பவர் மெஷினுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும், வீட்டு கரண்ட் தாங்காது" என்று உள்ளூர் எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார். அது உண்மையா என்பது உங்கள் கேள்வி.

தாங்கும், தாராளமாகத் தாங்கும். இந்த ஒரு பயத்தினாலேயே நன்றாகத் தைக்கத் தெரிந்த எத்தனையோ பெண்கள் மிதி மெஷினோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுமைக் கணக்கு. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் (பனியன் மடிப்பைத் தைக்கும் மெஷின்) எதுவானாலும் அதன் அடியில் தொங்கும் பழைய கிளட்ச் மோட்டார் பெரும்பாலும் அரை எச்.பி. அளவுக்குள்தான் இருக்கும். மிதித்தால் மட்டும் சுற்றும் புதிய சர்வோ மோட்டார் என்றால் 550 வாட் அல்லது 750 வாட் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வீட்டு மிக்ஸியே 500, 750 வாட்தான். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு எச்.பி. மோட்டார் 746 வாட். இவற்றையெல்லாம் இழுக்கும் வீட்டு இணைப்பு ஒரு தையல் மெஷினைக் கண்டு மிரள வேண்டியதில்லை. கம்பெனியில் மும்முனை மின்சாரம் இருப்பதற்குக் காரணம் வேறு. அங்கே வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடுகின்றன, அந்த மொத்தச் சுமையை மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். அந்த வரிசையில் உள்ள சர்வோ மெஷின்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த் என்று மூன்று கம்பியில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே "தாங்குமா" என்று கேட்பதைவிட "இந்த மெஷினில் என்ன மோட்டார் இருக்கிறது" என்று கேட்பதே சரி. முன்பணம் கொடுப்பதற்கு முன் மேஜைக்கு அடியில் குனிந்து மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். எண்ணெயும் பஞ்சும் படிந்திருக்கும், துணியால் துடைத்தால் எழுத்து தெரியும். 220 அல்லது 230 வோல்ட் என்றும் பேஸ் 1 என்றும் இருந்தால் அது வீட்டுக்கு வரும். 380, 400, 415 வோல்ட் என்றும் பேஸ் 3 என்றும் இருந்தால் அது மும்முனை மோட்டார். தகடு தேய்ந்து போயிருந்தால் வேறு அடையாளங்கள் உண்டு. ஒருமுனைக் கிளட்ச் மோட்டாரின் முதுகில் பெரும்பாலும் கெப்பாசிட்டர் உள்ள ஒரு மேடு இருக்கும். மும்முனை மோட்டாருக்கு அது தேவையில்லை, அதிலிருந்து வெளியே வரும் கேபிளில் மூன்று பேஸ், ஒரு எர்த் என்று நான்கு கம்பிகள் இருக்கும்.

ஒருமுனைக் கிளட்ச் மோட்டார் கிடைத்தால் அப்படியே பிளக்கில் போட்டு ஓட்டலாம். ஆனால் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்விட்ச் போட்டதிலிருந்து அணைக்கும் வரை மோட்டார் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் மிதியை அழுத்தும்போது கிளட்ச் பிடித்து அந்தச் சுழற்சியை மெஷினுக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். துணி எடுக்கும்போது, நூல் கோக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசும்போதுகூட மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று, புறப்படும் கணத்தில் அது வழக்கமான கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஓடும்போது நான்கு ஆம்பியர் என்றால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் இருபதைத் தாண்டிவிடும். விளக்கு சட்டென்று மங்கித் திரும்புவது அதனால்தான், பழுது அல்ல. இதனாலேயே கிளட்ச் மோட்டார் உள்ள சர்க்யூட்டுக்கு 'பி' ரக எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) போட்டால் அடிக்கடி விழும். 'சி' ரகம் போடச் சொல்லுங்கள்.

மும்முனை மோட்டார் என்றால் அதை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட யாராவது ஒரு வழி சொல்வார்கள். கிராமத்தில் பெரும்பாலும் கெப்பாசிட்டர் வழியைச் சொல்வார்கள். இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கெப்பாசிட்டர் போட்டுத் தோட்டத்து மோட்டாரை ஓட்டிய அனுபவம் நம் விவசாயிகளுக்கு உண்டு. ஆனால் அங்கே நடப்பதும் உங்கள் வீட்டில் நடப்பதும் ஒன்றல்ல. தோட்டத்தில் இரண்டு பேஸுக்கு இடையே 400 வோல்ட் கிடைக்கிறது, 415 வோல்ட் மோட்டாருக்கு அது போதும். வீட்டில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருப்பது 230 வோல்ட்தான். அதில் கெப்பாசிட்டர் போட்டாலும் அந்த மோட்டார் உறுமிக்கொண்டு சூடாகுமே தவிர, தைக்கும் அளவுக்கு இழுக்காது. ஒருமுனையை வாங்கி மும்முனையாக மாற்றித் தரும் வி.எஃப்.டி. டிரைவ் நல்ல கருவிதான், ஆனால் 230 வோல்ட் வாங்கும் சாதாரண டிரைவ் வெளியே தருவதும் 230 வோல்ட் மும்முனைதான். மோட்டார் தகட்டில் 220/380 என்று இரண்டு வோல்ட்டேஜும் இருந்து, ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால் அதை ஸ்டாரிலிருந்து டெல்டாவாக (மோட்டார் சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள்) மாற்றிக் கட்டி ஓட்டலாம். 415 மட்டும் எழுதியிருந்தால் அந்த வழியும் அடைபட்டது. இந்தச் சிரமத்துக்கெல்லாம் நீங்கள் போகவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. டிரைவுக்கு ஆகும் செலவில் ஏறக்குறைய ஒரு புதிய ஒருமுனை சர்வோ மோட்டாரே வந்துவிடும்.

பழைய மெஷினின் தலை (மேஜையும் மோட்டாரும் நீங்கலாகத் தைக்கும் பகுதி) நன்றாக இருந்தால், அதாவது நூல் விடாமல், சத்தம் போடாமல், ஊசித் தண்டில் ஆட்டம் இல்லாமல் இருந்தால் வாங்குங்கள். மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு சர்வோ போடுங்கள். கிளட்ச் மோட்டார் தொங்கிய அதே மூன்று போல்ட் துளைகளில் பெரும்பாலான சர்வோ மோட்டார்கள் பொருந்தும். மிதியை அழுத்தினால்தான் சுற்றும், விட்டால் நின்றுவிடும். நிற்கும்போது கண்ட்ரோல் பெட்டி எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். 550 வாட் என்று எழுதியிருப்பது அதன் உச்ச அளவு, தைக்கும்போது சராசரியாக எடுப்பது அதைவிட மிகவும் குறைவு. சராசரி 100 வாட் என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரத்துக்கு 0.8 யூனிட், மாதம் 25 நாள் வேலை என்றால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட். அதே வேலையில் கிளட்ச் மோட்டாருக்குச் சராசரி 300 வாட் என்று போட்டால் 120 யூனிட். ஒரு மெஷினுக்கே இத்தனை வித்தியாசம். சத்தம் குறைவது இன்னொரு லாபம். இரவு பிள்ளைகள் தூங்கும் வீட்டில் கிளட்ச் மோட்டாரின் இரைச்சல் சாதாரணத் தொல்லை அல்ல.

சர்வோ மாட்டியதும் நூல் கோக்காமல், அழுத்துபாதத்தைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சிங்கரில் கைச்சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கண்ட்ரோல் பெட்டியில் திசை மாற்றும் அமைப்பு இருக்கும், மாற்றிவிடுங்கள். ஓவர்லாக்குக்குச் சுழலும் திசை வேறாக இருக்கலாம், தலையில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். பிறகு வேகம். ஜூகி டி.டி.எல். 8700 போன்ற தலை நிமிடத்துக்கு 5500 தையல் வரை தாங்கும், ஆனால் வீட்டில் அந்த வேகம் யாருக்கும் தேவையில்லை. முதலில் 2000, 2500 என்று கட்டுப்படுத்திக்கொண்டு கை பழகியதும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: எப்போதும் மெதுவாகவே ஓட்டினால் அடியில் உள்ள எண்ணெய் பம்பு மேலே சரியாக ஏற்றாது. தலையின் மேல் உள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தில் எண்ணெய் தெறிப்பது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் தினமும் சிறிது நேரம் நூலும் துணியும் இல்லாமல், பாதத்தைத் தூக்கிவிட்டு, கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின் என்று சொல்லி விற்றால் இன்னும் கவனம் தேவை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், தொழிற்சாலையில் மும்முனை 200 வோல்ட். அங்கிருந்து வரும் கண்ட்ரோல் பெட்டியை நம் ஊர் மும்முனையில் நேராகக் கொடுத்தால் அந்த நொடியே புகைந்துவிடும். அமெரிக்க 110 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு டிரான்ஸ்பார்மர் போட்டு வோல்ட்டேஜைக் குறைக்கலாம், ஆனால் நம் 50 ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. அதனால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், மோட்டாரும் கூடுதலாகச் சூடாகும். தலைக்கு மட்டும் விலை பேசுங்கள்.

இனி எர்த். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

சர்வோ மெஷின் போட்ட பல வீடுகளில் ஒரே புகார் வரும். மெஷின் தலையில் கை வைத்தால் சுருக்கென்று ஒரு விறுவிறுப்பு. செருப்பு இல்லாமல் சிமெண்ட் தரையில் கால் வைத்திருக்கும்போதும், தரை துடைத்த ஈரம் காயாதபோதும் அது அதிகமாகத் தெரியும். ஊசித்தட்டின் ஓரத்தில் விரலின் பின்பக்கம் உரசும்போது நன்றாகவே தெரியும். காரணம் இதுதான்: கண்ட்ரோல் பெட்டிக்குள் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு கம்பிகளிலிருந்தும் உடல் உலோகத்துக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு எர்த் கம்பியில் இறங்கிப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் மெஷின் உடல் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும், உங்கள் உடல் வழியாக இறங்கும். அந்தக் கசிவு அளவில் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் அது உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்பதைச் சொல்லிவிட்டது. நாளைக்கு அதிர்விலே ஒரு வயரின் மேலுறை தேய்ந்து பேஸ் கம்பி மேஜை இரும்பில் பட்டால், அன்றைக்கு வருவது விறுவிறுப்பு அல்ல, முழு 230 வோல்ட்.

காலுக்கு அடியில் ரப்பர் பாய் போடுவது, பிளக்கைத் திருப்பிப் போடுவது எல்லாம் தீர்வு அல்ல. இன்னும் மோசமான ஒரு பழக்கம் இருக்கிறது. எர்த் கம்பி வராத வீட்டில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு "எர்த் வந்துவிட்டது" என்று சொல்லிப் போவார்கள். விறுவிறுப்பு நின்றுவிடும். ஆனால் எங்காவது நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் மெஷினின் உடல் முழுவதிலும் பேஸ் வந்து நிற்கும். இதைச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள், ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வெளியே எர்த் குழி இருக்கிறதா, அதிலிருந்து வரும் கம்பி மீட்டர் பலகையில் துருப்பிடித்து அறுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியனிடம் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் எரிவதைப் போலவே பளிச்சென்று எரிந்தால் நல்லது, மங்கினால் குழியைச் சரிசெய்ய வேண்டும். ஏற்கெனவே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) இருந்தால் இந்தச் சோதனையில் அது விழுந்துவிடும், விழுவதுதான் சரி. இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். மெஷின் வாங்கும் பணத்தில் இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

வயரிங்கைப் பொறுத்தவரை, 550 வாட் சர்வோ மெஷின் ஒன்று எடுப்பது உச்சத்தில் சுமார் இரண்டரை ஆம்பியர். சாதாரண ஐந்து ஆம்பியர் மூன்று முனை சாக்கெட்டே போதும். இரண்டு மெஷின், மின்விசிறி, விளக்கு எல்லாம் ஒரே அறையில் என்றால் மீட்டர் பலகையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனியாக ஒரு லைன் இழுத்து, அதற்கென்று ஒரு எம்.சி.பி. போட்டுவிடுவது நல்லது. முறுக்கிய இரட்டை வயரில் எக்ஸ்டென்ஷன் பெட்டி கட்டிக் காலுக்கு அடியில் ஓட விடாதீர்கள். அதில் எர்த் கம்பியே இருக்காது, நாற்காலிக் கால் ஏறி ஏறி நசுங்கவும் செய்யும்.

வீட்டு மின்சாரத்தைத் திணறடிப்பது மெஷின் அல்ல, இஸ்திரிப் பெட்டிதான். உயரத்தில் தண்ணீர்ப் பாட்டில் தொங்கவிடும் நீராவி இஸ்திரியே 1000 வாட்டுக்கு மேல் எடுக்கும். சிறிய பாய்லர் வைத்தது என்றால் 2000 வாட்டைத் தாண்டும். இரண்டு மெஷினும் சேர்ந்து சராசரியாக எடுப்பதைப்போல் பல மடங்கு இது. அதை 15 ஆம்பியர் சாக்கெட்டில், தனி லைனில் போடுங்கள். மெஷின் போட்ட அதே பெட்டியில் இஸ்திரியையும் சொருகினால், அது சூடேறத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வோல்ட்டேஜ் இறங்கி சர்வோ பெட்டி பிழை காட்டி நிற்கும். மெஷின் பழுது என்று நீங்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் ஊர் டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடு தூரமாக இருந்தால் மாலையில் வோல்ட்டேஜ் குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் கிளட்ச் மோட்டாரின் இழுவை அதே விகிதத்தில் குறையாது, வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். கணக்குப் போட்டால் அறுபது சதவீத இழுவைதான் மிஞ்சும். தடித்த துணி மடிப்பில் மோட்டார் திணறி நிற்கும், அப்படி நின்று உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள். சர்வோ ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஒரு எல்லைக்குக் கீழே போனால் தானாகவே நின்றுவிடும். ஒரு சாதாரண வோல்ட்மீட்டர் வாங்கி ஒரு வாரம் காலை, மதியம், மாலை பார்த்துக் குறித்து வையுங்கள். அடிக்கடி 190க்குக் கீழே போனால் ஸ்டெபிலைசர் வாங்கலாம், மின்வாரியத்தில் புகாரும் கொடுக்கலாம். அந்தக் குறிப்பு புகாருக்கும் உதவும்.

இன்வெர்ட்டரில் ஓடுமா என்றும் கேட்பீர்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் சர்வோ மெஷின் ஒன்றும் விளக்கும் ஓடும். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வேண்டாம். வீட்டு மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். சர்வோ பெட்டி அந்த உச்சத்தை வைத்துத்தான் உள்ளே நேர்மின்னோட்டம் தயாரிக்கிறது. ஸ்கொயர் வேவில் அந்த உச்சம் கிடைக்காது, வோல்ட்டேஜ் போதாது என்று பெட்டி நின்றுவிடும். கிளட்ச் மோட்டாரை எந்த வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓட்டப் பார்க்காதீர்கள், கிளம்பும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காது.

பின்னால் மெஷின்களைக் கூட்டி, வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கும் பவர் டேபிள் நடத்தும் அளவுக்கு வளர்ந்தால் மும்முனை இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் ஒருமுனை சர்வோக்களையே வாங்கி மூன்று பேஸுக்கும் பிரித்துப் போடுங்கள். ஒரு பேஸ் போய்விடுவது நம் ஊரில் சாதாரணம். அந்த நேரத்தில் மும்முனை மோட்டார் இரண்டு பேஸில் உறுமி எரியும். ஒருமுனை மெஷின்களோ, அந்தப் பேஸில் உள்ளவை மட்டும் நிற்கும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாகக் கட்டணம். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அதிலேயே தொழிலையும் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். வீட்டாருக்குத் துணி தைப்பது வேறு, கூலிக்குத் தைப்பது வேறு. அனுமதித்த உபயோகத்தை விட்டு வேறு உபயோகத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அந்த உபயோகத்துக்குரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கேட்கலாம். எப்போதிருந்து என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். சேர்த்து வைத்த கூலியெல்லாம் ஒரே நாளில் போய்விடும். தமிழ்நாட்டில் குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டண வகை இருக்கிறது, அது கடைக்கான வணிகக் கட்டணம் அல்ல. இணையத்தில் கட்டணமில்லாமல் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்து, அந்தச் சான்றோடு உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி, மொத்தம் இத்தனை வாட் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எந்தக் கட்டண வகை பொருந்தும், தனி மீட்டர் வேண்டுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு மெஷினுக்கு முன்பணம் கொடுங்கள்.